சபூர் என்றொரு சொல்

ராத்தாவின் மகன் மௌத்தான அன்று ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாலு நாள் காய்ச்சல், ஒன்பது வயது. தாழ்வாரத்தில் செருப்புகள் நனைந்து கிடந்தன. உள்ளே போன பெண்கள் ஒவ்வொருவராக ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொன்னார்கள். “சபூர் செய்மா.” “சபூரா இரு புள்ளே.” ராத்தா குரலெடுத்து அழுதாள். வயதான ஒருத்தி தன் முந்தானையால் அவள் வாயைப் பொத்தினாள். “இப்படி அழுவக் கூடாதுமா. ஈமானுக்கு ஆகாது.” இன்னொருத்தி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். “வெளிய பாரு. உன் புள்ளைக்காக வானமே அழுவுது.” ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாசலில் கைப்பேசியோடு நின்றிருந்தேன். துபாயிலிருந்து மச்சான் கூப்பிட்டார்.

“புள்ளைக்கு எப்படி இருக்கு?”

“கொஞ்சம் சீரியஸா இருக்கு மச்சான். உடனே கிளம்பி வாங்க.”

பிள்ளையை முன்கூடத்தில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தி அப்போதே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுற்றி நின்றவர்கள், சரியாகச் சொன்னாய் என்பதுபோலத் தலையாட்டினார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் காலை மச்சான் வண்டியை விட்டு இறங்கினார். வாசலில் வைத்திருந்த சந்தூக்கைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாற்பது கழிந்து அவர் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் இரவு, திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “நாலு மணி நேரம் ஃப்ளைட்ல, புள்ளைக்கு ஷிஃபாவைக் கொடு யா அல்லாஹ்னு துவா கேட்டுக்கிட்டே வந்தேன் மாப்ளே.” குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. பொய்யை அவருக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். யோசிக்க யோசிக்கத் தெரிந்தது, எனக்காகச் சொன்னது அது. செய்தியைக் கேட்டதும் அந்தப் பக்கம் எழப்போகும் குரலை, அதன் பின்னால் வரப்போகும் மௌனத்தை என்னால் தாங்க முடிந்திருக்காது. உள்ளே எல்லோரும் ராத்தாவிடம் பொறுமையைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், வாசலில் நான் பொறுமை இழந்து நின்றிருந்தேன். ராத்தாவின் துயரம் அழுகையாக வெளியே வந்தது. என் பொறுமையின்மை பொய்யாக வந்தது. வந்திருந்தவர்கள் கண்டித்தது அவளை, மெச்சியது என்னை.

ஓதப்பள்ளிக்கூடத்தில் ஹஜ்ரத் சொல்லக் கேட்டு வளர்ந்த நபிமார்களின் கதைகளை அதன் பிறகுதான் மறுபடியும் எடுத்து வாசித்தேன். பொறுமை ஒரு பாடம், உண்மை வேறொரு பாடம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

*

ஸப்ர் என்ற அரபிச் சொல் நம் வாயில் சபூர் ஆகிவிட்டது. அதன் வேருக்குத் தடுத்துப் பிடித்தல், கட்டி நிறுத்துதல் என்று பொருள். கசக்கும் கற்றாழைக்கும் அரபியில் இதே வேரிலிருந்துதான் பெயர். தமிழில் பொறு என்றால் சுமையைத் தாங்கு. ஒரு மொழி இழுத்துப் பிடிக்கச் சொல்கிறது, இன்னொன்று தாங்கி நிற்கச் சொல்கிறது. வாயை மூடு என்ற பொருள் இரண்டிலுமே இல்லை. அதை நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

உண்மைக்கு ஸித்க். நாம் கொடுக்கும் சதக்காவும் அந்த வேரில் பிறந்த சொல்தான். நண்பனுக்கு அரபியில் ஸதீக் என்று பெயர், அதுவும் அப்படியே. உண்மை பேசுவதும், இல்லாதவனுக்குக் கொடுப்பதும், நட்பும் ஒரே வேர் பிடித்து நிற்கின்றன. ஒருவரிடம் உண்மையைச் சொல்வது அவருக்குக் கொடுக்கிற ஒன்று என்று அந்த மொழி நினைத்திருக்கிறது. மச்சானுக்குச் சேர வேண்டிய ஒன்றைத்தான் நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் இஸ்மாயீல் நபியை வாக்குத் தவறாத உண்மையாளர் என்கிறது. அடுத்தபடியாக இத்ரீஸ் நபியையும் பெரும் உண்மையாளர் என்கிறது. இரண்டு அத்தியாயங்கள் தள்ளி, 21ஆம் அத்தியாயத்தில் அதே இருவரின் பெயர்களும் துல்கிஃப்லின் பெயரோடு சேர்ந்து வருகின்றன. அங்கே அவர்கள் பொறுமையாளர்கள். பல முறை ஓதியிருந்தும் நான் கவனிக்காமல் கடந்துபோன இடம் இது. ஒரே மனிதர்களை ஓரிடத்தில் உண்மையைச் சொல்லி அடையாளம் காட்டுகிறது, மற்றோரிடத்தில் பொறுமையைச் சொல்லி.

*

இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி இருக்கின்றன என்பதை யூசுப் நபியின் கதையில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள். மக்காவில் நபிகள் நாயகமும் (ஸல்) அவர்களை நம்பிய சிலரும் ஒடுக்கப்பட்டுக் கிடந்த காலத்தில் அருளப்பட்டது. அந்தக் கதையில் மூன்று சட்டைகள் வருகின்றன.

முதல் சட்டையில் பொய் ரத்தம். அண்ணன்மார்கள் யூசுபைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அழுதுகொண்டே வாப்பாவிடம் வந்தார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டிருக்குமா என்று யாகூப் நபி கண்டுகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டியிருந்தது? வாப்பாவின் முகம் தங்கள் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது உடனே நடக்க வேண்டும். தம்பியை அப்புறப்படுத்திவிட்டால் பிறகு நல்லவர்களாகிவிடலாம் என்றுகூட முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. பொய் சொல்கிற ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். இந்த ஒரு தடவை, இந்த ஒரு இக்கட்டு கடந்துவிடட்டும், பிறகு சரியாகிவிடலாம். காத்திருக்க மாட்டாதவன் எடுக்கும் குறுக்கு வழிக்குப் பொய் என்று பெயர்.

யாகூப் நபி அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு செய்திகளைச் சொல்கிறார். இது நடந்ததில்லை, உங்கள் மனம் உங்களுக்கு ஜோடித்துக் கொடுத்தது என்பது ஒன்று. இனி எனக்கு அழகிய பொறுமைதான் என்பது மற்றொன்று. உண்மை முதலில் வருகிறது, பொறுமை அதற்கு அடுத்து வருகிறது. குடும்பம் உடைந்துவிடக் கூடாதே என்று பொய்யை நம்பியதுபோல அவர் நடிக்கவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளைத் துரத்தியடிக்கவும் இல்லை.

அந்த அழகிய பொறுமை எப்படி இருந்தது? வருடக்கணக்காக அழுதார். அழுது அழுது கண்கள் வெளுத்துப்போயின. யூசுபை நினைத்து நினைத்தே நீங்கள் மாய்ந்துபோவீர்கள் என்று பிள்ளைகள் கடிந்துகொண்டபோது, என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம் அல்லவா முறையிடுகிறேன் என்றார். குர்ஆன் அழகிய பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிற மனிதர், அழுதே பார்வையை இழந்தவர். ராத்தாவின் வாயைப் பொத்திய அந்த முந்தானை இதை வாசித்த இரவில் என் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது சட்டை பின்பக்கம் கிழிந்தது. எகிப்தில் தன்னை விலைக்கு வாங்கிய அஸீஸின் மனைவியிடமிருந்து யூசுப் நபி வாசலை நோக்கி ஓட, அவள் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் கிழிந்தது. (ஸுலைகா என்ற பெயர் குர்ஆனில் இல்லை; கதை சொல்லிகளின் வழியே பின்னால் நம்மிடம் வந்து சேர்ந்தது.) முன்னால் கிழிந்திருந்தால் அவர் மேல் குற்றம், பின்னால் கிழிந்திருந்தால் அவள் மேல் குற்றம் என்று அவள் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே வழி சொன்னார். சட்டை சாட்சி சொல்லிவிட்டது. உண்மை நிரூபணமாகிவிட்டது. அதன் பிறகும் அவரைத்தான் சிறையில் போட்டார்கள். நாம் தயங்கி நிற்கும் இடம் இதுதான். உண்மை தெரியவராதபோது பொறுப்பது ஒருவிதம். எல்லோருக்கும் தெரிந்த பிறகும் நியாயம் கிடைக்காதபோது பொறுப்பது வேறு.

ஆண்டுகள் பல கழிந்து அரசன் ஆள் அனுப்புகிறான். யாராக இருந்தாலும் அந்தக் கதவு திறந்ததும் வெளியே ஓடிவந்திருப்பார்கள். யூசுப் நபி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். தன்னைக் கண்டு திகைத்துக் கைகளை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்னவாயிற்று என்று உன் எஜமானரிடம் போய்க் கேள் என்றார். விசாரணை நடந்தது. அஸீஸின் மனைவியே முன்வந்து, தவறு தன்னுடையது, அவர் உண்மையாளர் என்றாள். யூசுப் நபி இருந்த அத்தனை காலம் நான் சிறையில் இருந்திருந்தால் அழைக்க வந்தவரோடு உடனே போயிருப்பேன் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அந்த மறுப்பின் கனத்தை அவர்கள் அவ்வளவு தாழ்மையோடு எடைபோட்டார்கள். கறையோடு கிடைக்கும் விடுதலையைவிடக் கறை நீங்கும்வரை சிறை மேல் என்று ஒருவர் நினைப்பதைக் கைகட்டிச் சும்மா இருப்பது என்று சொல்ல முடியுமா? அவருடைய பொறுமை உண்மை வந்து சேர்வதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

மூன்றாவது சட்டை யூசுப் நபி எகிப்திலிருந்து வாப்பாவுக்கு அனுப்பி வைத்த சட்டை. ஒட்டகக் கூட்டம் எகிப்தை விட்டுப் புறப்பட்டதுமே, எங்கோ தொலைவில் இருந்த யாகூப் நபி மகனின் வாசனை வருகிறது என்றார். சுற்றியிருந்தவர்கள் கிழவருக்குப் பழைய மயக்கம் என்றார்கள். சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்பியது. அண்ணன்மார்கள் தாங்கள் செய்தது தவறு என்று யூசுபிடமும் சொன்னார்கள், வாப்பாவிடமும் சொன்னார்கள். இன்று உங்கள் மேல் எந்தப் பழியும் இல்லை என்றார் யூசுப் நபி. பொய்யைச் சுமந்து வந்த ஒரு சட்டையோடு போன கண், உண்மையைச் சுமந்து வந்த இன்னொரு சட்டையோடு திரும்பி வந்தது.

*

அய்யூப் நபி என்றாலே பொறுமை. செல்வம் போய், பிள்ளைகள் போய், உடம்பும் நோயில் விழுந்தபோது அவர் வாய் திறக்கவே இல்லை என்பதுபோல எங்கள் ஊர்ப் பயான்களில் சொல்வார்கள். குர்ஆனில் அவர் வாய் திறக்கிறார். என்னைத் துன்பம் தொட்டுவிட்டது, நீயோ கருணையாளர்களுக்கெல்லாம் பெரிய கருணையாளன் என்று இறைவனை அழைக்கிறார். தன் நிலையைச் சொல்கிறார், அவன் யார் என்பதைச் சொல்கிறார், அதோடு நிறுத்திக்கொள்கிறார். வலிக்கிறது என்று சொன்ன அந்த மனிதரைத்தான், அவரைப் பொறுமையாளராகக் கண்டோம் என்று குர்ஆன் சாட்சி சொல்கிறது. வலியை ஒத்துக்கொண்டது அந்தப் பட்டத்துக்குக் குறைவாகவில்லை.

யூனுஸ் நபி பொறுக்க மாட்டாமல் தன் மக்களை விட்டுக் கோபித்துக்கொண்டு போனவர். மீன் வயிற்றின் இருட்டில் அவரைக் காப்பாற்றியது, தவறு செய்தவன் நான்தான் என்ற ஒப்புதல். மக்கள் கேட்கவில்லை, கடல் கொந்தளித்தது என்றெல்லாம் அவர் காரணம் அடுக்கவில்லை. பொறுமை கைவிட்டுப்போன மனிதனுக்கும் திரும்பி வர ஒரு பாதை இருக்கிறது. அது உண்மையைச் சொல்கிற பாதை.

மூசா நபிக்கு வேறொரு சோதனை. தன்னிடம் இல்லாத ஞானம் உள்ள ஒருவரைத் தேடிப் போகிறார். ஹதீஸ்கள் அவரை ஹிள்ர் என்கின்றன. என்னோடு பொறுமையாக இருக்க உன்னால் முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். இறைவன் நாடினால் இருப்பேன் என்று மூசா நபி வாக்குக் கொடுக்கிறார். ஏற்றிக்கொண்டு போன ஏழைகளின் படகை ஹிள்ர் ஓட்டையிடுகிறார். மூசா நபி பொங்குகிறார். ஹிள்ர் ஒரு சிறுவனைக் கொல்கிறார். மூசா நபி இன்னும் அதிகமாகப் பொங்குகிறார். சோறு தர மறுத்த ஊரில் விழவிருந்த சுவரை ஹிள்ர் கூலி வாங்காமல் நிமிர்த்துகிறார், அங்கேயும் மூசா நபி கேட்டுவிடுகிறார். பிரிந்தார்கள். மூசா பொறுத்திருக்கக் கூடாதா, அந்தக் கதை நமக்கு இன்னும் கிடைத்திருக்குமே என்று நபிகள் நாயகம் ஆசைப்பட்டார்கள்.

இந்தக் கதையில் பொறுமையும் உண்மையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கண்ணெதிரே அநியாயம் போலத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது மூசா நபிக்குப் பொய்யாகத் தெரிந்திருக்கும். ஃபிர்அவ்னின் அவையில் நின்று பேசிய நாக்கு அது. அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது, அவர் தன் தோல்வியை மறைக்கவில்லை என்பது. முதல் தடவை, மறந்துவிட்டேன் என்று சொன்னார். இரண்டாவது தடவை, இனியும் கேட்டால் என்னை விட்டுவிடுங்கள், அதற்கான நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் என்று தனக்கெதிரான தீர்ப்பைத் தானே எழுதிக் கொடுத்தார். பொறுமையில் தோற்கிற நேரத்திலும் நேர்மையில் தோற்காமல் இருக்கலாம் என்று அந்தப் பயணம் எனக்குச் சொல்கிறது.

*

மக்காவில் நபிகள் நாயகத்துக்கு அல் அமீன், நம்பிக்கைக்குரியவர் என்று பெயர். நபித்துவத்துக்கு முன்பே அந்த ஊர் கொடுத்த பெயர் அது. 622இல் அவர்களைக் கொல்ல ஆட்கள் சூழ்ந்தபோதுகூட ஊராரின் பணமும் பண்டமும் அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி அலீயை மக்காவில் நிறுத்திவிட்டு மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். கொல்ல வந்த ஊரின் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவது என்றால் அதற்கு உண்மை மட்டும் போதாது.

அந்த உண்மைக்கு மிகக் கடுமையான விலை கேட்கப்பட்ட இடம் ஹுதைபிய்யா. 628ஆம் ஆண்டு. உம்ராவுக்காகப் புறப்பட்ட சுமார் 1400 பேரை மக்காவுக்குள் விடாமல் குறைஷிகள் நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் பேச சுஹைல் இப்னு அம்ர் வந்தார். இறைத்தூதர் முஹம்மது என்று எழுதியதை அவர் ஏற்கவில்லை. அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதச் செய்தார்கள். மக்காவிலிருந்து முஸ்லிமாகி வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. எழுதிக்கொண்டிருக்கும்போதே காலில் விலங்கோடு ஒருவர் தப்பி வந்து கூட்டத்தின் நடுவே விழுந்தார். சுஹைலின் சொந்த மகன், அபூ ஜந்தல். முஸ்லிமானதற்காகக் கட்டிப்போடப்பட்டிருந்தவர். இவரை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று நபிகள் நாயகம் கேட்டுப் பார்த்தார்கள். சுஹைல் இணங்கவில்லை. முஸ்லிம்களே, என்னை மறுபடியும் அவர்களிடமா அனுப்புகிறீர்கள் என்று அபூ ஜந்தல் கதறினார். பொறுத்திரு, அல்லாஹ் வழி விடுவான், நாம் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இந்த இடத்தை என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை. உமரால்கூடத் தாங்க முடியவில்லை; நாம் சத்தியத்தில் இல்லையா என்று நபியிடமே போய்க் கேட்டார். ஒருவரின் வாக்குக்கு இன்னொருவரின் முதுகு விலை கொடுத்தது. ஆனால் அந்த நபியின் வாயிலிருந்து வந்த ‘பொறுத்திரு’ என்ற சொல்லையும் எங்கள் முன்கூடத்தில் சொன்ன ‘சபூர் செய்’ என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அது அபூ ஜந்தலிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது. உன்னைக் காப்பாற்ற இப்போது என்னால் முடியாது, ஏன் முடியாது என்பது இதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு வந்த பொறுமை அது. பின்னால் அபூ ஜந்தல் தப்பித்துக் கடற்கரை வழியில் தன்னைப்போன்ற மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். தங்கள் வணிகக் கூட்டங்களுக்கு அவர்களால் நிம்மதியில்லாமல் போகவே, அவர்களை மதீனாவுக்கே அழைத்துக்கொள்ளுங்கள் என்று குறைஷிகளே நபியிடம் வேண்டிக்கொண்டார்கள்.

நபியின் நிழலில் வளர்ந்தவர்களில் கஅப் இப்னு மாலிக்கின் கதையை இதனோடு சேர்த்தே நினைத்துக்கொள்வேன். கவிஞர். 630இல், நல்ல வெயில் காலத்தில், பழங்கள் பழுத்திருந்த நேரத்தில் தபூக் படை புறப்பட்டது. நாளைக்குக் கிளம்பலாம், நாளைக்குக் கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டே அவர் நின்றுவிட்டார். படை திரும்பியதும் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். நபிகள் நாயகம் அவற்றை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தில் உள்ளதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅபுக்கு வாக்குச் சாமர்த்தியம் உண்டு; அவரே அதைச் சொல்லிக்கொள்கிறார். ஆனாலும் எனக்கு எந்தக் காரணமும் இல்லை, இத்தனை வசதியோடு நான் எப்போதும் இருந்ததில்லை என்று உண்மையைச் சொன்னார்.

பொய் சொன்னவர்கள் அன்று மாலையே வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். கஅபையும் சேர்த்து, உண்மை சொன்ன மூவரோடும் யாரும் பேசக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. கஅப் கடைத்தெருவில் நடப்பார். ஸலாமுக்குப் பதில் இல்லை. சிறிய தகப்பனார் மகன் அபூ கதாதாவின் தோட்டச் சுவர் ஏறிக் குதித்து, நான் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிக்கிறவன் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார். மூன்று முறை கேட்ட பிறகுதான், அவர்களுக்கே தெரியும் என்று ஒரு பதில் வந்தது. கண்ணீரோடு திரும்பினார். நாற்பதாவது நாளில் மனைவியையும் விட்டு விலகியிருக்கும்படி சொன்னார்கள். இடையில் கஸ்ஸான் அரசனிடமிருந்து கடிதம் வந்தது: உன் தலைவர் உன்னை வெறுத்துவிட்டாராமே, எங்களிடம் வா. கஅப் அதை அடுப்பில் போட்டார். ஐம்பதாவது நாள் அதிகாலைத் தொழுகைக்குப் பின் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது ‘சல்உ’ மலைமேலிருந்து ஒருவர் உரக்கக் கூவினார்: கஅபே, நற்செய்தி. மன்னிப்பு வந்துவிட்டது என்று புரிந்து அப்படியே ஸுஜூதில் விழுந்தார். செய்தி கொண்டுவந்தவருக்கு உடுத்தியிருந்த உடைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் உடை வாங்கிக் கட்டிக்கொண்டு நபியிடம் ஓடினார்.

ஒரே ஒரு பொய் அந்த ஐம்பது நாட்களையும் மிச்சப்படுத்தியிருக்கும். உண்மைக்கு எப்போதும் பின்தொகை உண்டு. சொல்லும்போது அதில் ஒரு பகுதியைத்தான் கட்டுகிறோம்; மீதியைக் கட்டுவதற்குத்தான் சபூர்.

*

கணவன் நேற்று போனவளிடமும் பிள்ளை இன்று போனவளிடமும் நாம் எடுத்துக்காட்டுகிற ஒரு ஹதீஸ் உண்டு. கபரின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நபிகள் நாயகம், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இரு என்றார்கள். யார் என்று தெரியாமல், உங்களுக்கா வந்தது என் துன்பம், விலகிப்போங்கள் என்றாள். அவர்கள் போய்விட்டார்கள். யாரென்று தெரிந்ததும் அவள் பதறிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்கு வந்தபோது, பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடியில்தான் என்றார்கள். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். ஏசியவளிடம் தான் யார் என்றுகூடச் சொல்லாமல் நகர்ந்துபோன அந்தப் பொறுமையை விட்டுவிட்டோம்.

முதல் அடி நபிகள் நாயகத்தின் மேலும் விழுந்தது. மாரியா பெற்ற மகன் இப்ராஹீம், ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தை. மற்ற மகன்கள் காசிமும் அப்துல்லாஹ்வும் முன்பே சிறு வயதில் போயிருந்தார்கள். குழந்தை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய கண்கள் நிறைந்து வழிந்தன. நீங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் கேட்டார். இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். உன் பிரிவால் நாங்கள் துயரத்தில் இருக்கிறோம் என்று அந்தக் குழந்தையிடமே சொன்னார்கள்.

அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணக்குப்படி அது 632 ஜனவரி 27. மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள்: நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே இருண்டுவிட்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதலை யாரால் கொடுத்திருக்க முடியும்? சும்மா இருந்திருந்தாலே போதும். பொய் சொன்ன குற்றம்கூட அவர்கள் மேல் வந்திருக்காது. அந்த நாளில் எழுந்து நின்றார்கள். தொழுகை நடத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரு அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றார்கள்.

மகனைப் பறிகொடுத்த அன்று, மகனுக்குக் கிடைத்த வானத்தின் அஞ்சலியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த தகப்பன். பொறுமையைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் எனக்கு இதற்குமேல் ஒரு பாடம் தேவையில்லை. கண்ணீரை மறைக்கவில்லை. கண்ணீரைக் காரணம் காட்டி ஒரு பொய்யை உள்ளே விடவும் இல்லை. அவர்கள் தடுத்துப் பிடித்தது அழுகையை அல்ல; அழுகை வந்த வழியே உள்ளே நுழையப் பார்த்த பொய்யை.

போன ஐப்பசியில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். மழை. பக்கத்து வீட்டு மாமி வந்து, மௌத்தான அன்றைக்கும் இப்படித்தான் கொட்டியது, வானமே அழுதது என்று ஆரம்பித்தார். ராத்தா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“ஐப்பசி மாசம் மாமி. மழை பெய்யத்தானே செய்யும்” என்றாள்.

அன்று இரவே துபாய்க்குப் பேசினேன். அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன், என்னால் தாங்க முடியாமல் சொன்னேன் என்று மச்சானிடம் சொல்வதற்கு எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. நான் ஃபோனை வைக்கவில்லை.